டோரிஸின் கத்திக்கு ஒரு பிடி

ஒரு கத்தியைத் தொடங்கி முடிக்க அட்ரியனுக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமை போதும். தன் மனைவி டோரிஸுக்கென்று அவர் செய்த கத்தி மட்டும் ஐந்து மாதமாகப் பிடியில்லாமல் கிடந்தது. அலகு ஜனவரியிலேயே தயார். தீட்டியாகிவிட்டது, எண்ணெய் தடவியாகிவிட்டது, பழைய துண்டில் சுற்றி அலமாரியில் வைத்தாகிவிட்டது. பிடி மரமா, செயற்கைப் பலகையா என்பதில்தான் மனிதர் மாட்டிக்கொண்டார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

அட்ரியனுக்கு ஐம்பத்தாறு வயது. பிறந்தது, சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டினால் மலாய் மண்ணில் வருகிற கூலாய், படித்தது கூலாய், கல்யாணம் கட்டியதும் கூலாய் மாதா கோயிலில்தான். செனாய்ப் பக்கம் பிளாஸ்டிக் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. வாரமெல்லாம் பிளாஸ்டிக்கோடு குடித்தனம் நடத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட சார்ப்பில் கத்தி செய்ய உட்கார்ந்துவிடுவார். எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு, மெர்சிங் கடற்கரையில் படகு வைத்திருப்பவர்களுக்கு, இறைச்சி வெட்டுகிறவர்களுக்கு. மடக்குக் கத்தி மட்டும் செய்ய மாட்டார். மடங்குகிற எதையும் நம்ப முடியாது என்பது அவர் கட்சி. அவர் செய்கிற கத்தியில் இரும்பு ஒரே துண்டு. நுனியில் தொடங்கிப் பிடியின் கடைசி வரை ஓடும். அதன் இரண்டு பக்கமும் இரண்டு துண்டுகளை ஒட்டி ஆணி இறக்கினால் பிடி.

அவருக்கு இன்னொரு குணம் உண்டு. கை வேலையில் இருக்கும்போது ஆள் எங்கேயோ போய்விடுவார். உப்புத்தாள் மரத்தின் மேல் போய்ப் போய் வரும். வீட்டுக்குப் பின்னால் நெடுஞ்சாலை இரையும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டால் அந்த இரைச்சல் கடலாகிவிடும். கடல் என்றால் அவருக்கு மெர்சிங் கடல்தான். கல்யாணமான மூன்றாம் வாரம், தீவுக்குப் போகிற படகில், டோரிஸ் ஆரஞ்சு மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தீவில் மீன் பார்க்கிறேன் என்று தண்ணீரில் இறங்கியவளை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. படகோட்டிக்குக் கண்ணுக்கு எட்டிய வரை ஒன்றும் தெரியவில்லை. அட்ரியனுக்குத் தெரிந்தது. நீலத்துக்கு நடுவில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி, ஏறி, இறங்கி, ஏறி. கரையில் நின்று கத்திக் கத்தி அவர் கைகாட்டிய பக்கம் படகு போய் அவளைத் தூக்கியது. இருபத்தொன்பது வருடம் கழித்தும் அந்தப் புள்ளி அவர் கண்ணுக்குள் அப்படியே மிதந்துகொண்டிருந்தது. காணாமல் போகக்கூடாத எதற்கும் ஆரஞ்சு நிறம்தான் என்று அன்றைக்கே அவர் மனசு முடிவு செய்துவிட்டது.

டோரிஸின் கண்ணில் கோளாறு என்று போன வருடம் தெரிந்தது. கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு காய்ந்துகொண்டே வருகிறது, போனது திரும்பாது, மீதியை மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும் என்று டாக்டர் சொன்னார். வீட்டுச் சாமான்களைப் பளிச்சென்ற நிறத்தில் வாங்குங்கள் என்று தாதி சொல்லி அனுப்பினாள். அட்ரியனுக்கு அது போதுமாக இருந்தது. ஒரே வாரத்தில் குழாய்த் திருகில் ஆரஞ்சு ஒட்டுத்தாள், மாடிப்படி விளிம்பில் ஆரஞ்சுக் கோடு, தே ஓ என்கிற பாலில்லாத தேநீர் குடிக்க ஆரஞ்சுக் கோப்பை. “ஏங்க, வீடா இது, சாலை வேலை நடக்கிற எடமா?” என்று டோரிஸ் சிரித்தாள்.

நவம்பரில் பிலாக்காய் நறுக்கும்போது டோரிஸ் இடது கைவிரலை வெட்டிக்கொண்டாள். மூன்று தையல். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் ஆட்ரி செய்தி கேட்டதும் எல்லைப் பாலத்து நெரிசலையும் பொருட்படுத்தாமல் வந்து நின்றாள்.

“மம்மி இனிமே கத்தி தொடக்கூடாது, டேடி. வெட்டுன காய்கறி பாக்கெட்டுல விக்கிறாங்க லா. வாங்கிப் போட்டா முடிஞ்சது.” பேச்சுக்குப் பேச்சு ஒரு லா போடுவது அந்த ஊர் வழக்கம்.

டோரிஸ் தையல் போட்ட விரலை மடித்துக்கொண்டு எழுந்து போனாள். மாதா திருநாள் அன்னதானத்துக்கு இரண்டு மூட்டை வெங்காயத்தைத் தனி ஆளாக வெட்டுகிறவள் அவள். டோரிஸ் வெட்டிய வெங்காயம் என்றால் சமையல்காரர் பார்க்காமலே எண்ணெயில் போடுவார். அப்படிப்பட்டவள் எழுந்து போனதுதான் அட்ரியனை என்னவோ செய்தது.

கடைசியில் அப்பாவும் மகளும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். அட்ரியன் புதிதாக ஒரு கத்தி செய்வார். டோரிஸின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஆரஞ்சுப் பிடி போடுவார். அதை அவள் பார்த்து எடுக்க முடிகிற வரைக்கும் கத்தி அவள் கையில் இருக்கும். முடியாத நாள் வந்தால் கத்தி அலமாரிக்குள் போகும், பாக்கெட் காய்கறி வீட்டுக்குள் வரும்.

ஆரஞ்சுப் பலகையைத் தருவித்தார். கண்ணாடி நார்த் துணியைப் பிசினில் ஊறவைத்து, அடுக்கடுக்காக அழுத்திச் செய்த பலகை; கத்தி செய்கிறவர்கள் ஜி-டென் என்பார்கள். தண்ணீரில் ஊறாது, வெயிலில் வெடிக்காது, மீன் நாற்றம் ஏறாது. அறுக்கும்போது கிளம்புகிற தூள்தான் பொல்லாதது, மூச்சில் போனால் நெஞ்சைப் பிடிக்கும், தோலில் பட்டால் இரண்டு நாள் சொறியவைக்கும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்தார். ஆரஞ்சுச் சேறு கையெல்லாம் வழிந்தது. பிடி வந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கையில் வைத்துக்கொண்டால் பிடித்தது போலவே இல்லை.

மாடிப்படிக்கு அடியில் ஆறு வருடமாகக் காய்ந்துகொண்டிருந்த கெமுனிங் கட்டையை அப்போதுதான் எடுத்தார். வேலையிடத்து நண்பர் ரோஸ்லி கொடுத்தது. ரோஸ்லியின் தாயார் வீட்டு வேலியோரம் நின்ற மரம். கால்வாயை அகலப்படுத்தும்போது வெட்டினார்களாம். பாராங் என்கிற வெட்டுக்கத்திக்கு ஹூலு போட இதைவிட்டால் மரமில்லை என்று சொல்லிக் கொடுத்தார். ஹூலு என்றால் மலாய் மொழியில் கத்திப்பிடி. ஆறு புறப்படுகிற மேல்பகுதிக்கும் அதே சொல்தான். அட்ரியனுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போனது. கத்தி என்கிற ஆறு கையிலிருந்துதானே புறப்படுகிறது என்று தொழிற்சாலை பஸ்ஸில் கூலாயிலிருந்து செனாய் வரை அதையே நினைத்துக்கொண்டு போனார். கெமுனிங் கறிவேப்பிலைக்குச் சொந்தக்கார மரம். வெளிர் மஞ்சள், இழை தெரியாத நெருக்கம். தேய்க்கத் தேய்க்க வெண்ணெய் போல வழுவழுப்பாகும். உள்ளங்கைச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும்.

முடிவு ஆரஞ்சு என்றுதான் இருந்தது. மரம் வெளிர் நிறம், தண்ணீர் குடிக்கும், சமையல் மேடையில் கிடந்தால் மேடையோடு மேடையாகிவிடும். கண் மங்கியவளுக்கு மரப்பிடி கொடுப்பானா எவனாவது? இதெல்லாம் தெரிந்தும் கெமுனிங்கைத்தான் அவர் கை தேய்த்துக்கொண்டே இருந்தது. மனசு ஆரஞ்சில், கை மரத்தில். நடுவில் கத்தி அலமாரியில்.

அந்தச் சமயத்தில்தான் குருத்தோலை ஞாயிறு வந்தது. கோயிலில் பவனி முடிந்து எல்லோரும் ஓலையோடு உட்கார்ந்ததும் டோரிஸ் அவர் காதில் கேட்டாள். “ஏங்க, ஃபாதர் ஏன் இன்னும் ஊதாவுலயே நிக்கிறாரு?”

தவக்காலம் முழுக்க ஊதா அங்கி, குருத்தோலை ஞாயிற்றுக்கு மட்டும் சிவப்பு. கோயிலில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அட்ரியனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அம்பது வருஷமா கோயிலுக்கு வரே, குருத்தோலைக்குச் செவப்புன்னு மறந்துட்டியா?” என்று சீண்டினார். வீட்டுக்கு வந்து ஆட்ரியிடம் போனில் சொல்லிச் சிரித்தார். டோரிஸும் சிரித்தாள். கையிலிருந்த ஓலையைக் கிழித்துச் சிலுவை பின்னிக்கொண்டே சிரித்தாள்.

ஈஸ்டருக்கு மறுநாள், டோரிஸுக்கு ஆரஞ்சு தெரிகிறதா என்று அட்ரியன் பரீட்சையைத் தொடங்கினார். அலகில்லாமல், உள்ளே வெறும் இரும்புப் பட்டை வைத்து, இரண்டு பிடிகள் செய்திருந்தார்: ஒன்று ஆரஞ்சு, ஒன்று கெமுனிங். அவர் வேலை முடிந்து வந்து தே ஓ குடித்ததும் டோரிஸ் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி நிற்பாள். அவர் சமையல் மேடையில் பதித்த வெள்ளை ஓடுகள் மேல் இரண்டையும் வைப்பார். ஒருநாள் ஆரஞ்சு இடப்பக்கம், ஒருநாள் வலப்பக்கம். “ம்” என்பார். டோரிஸ் திரும்புவாள், கையை நீட்டுவாள், ஆரஞ்சை எடுப்பாள்.

“இதோ, உங்க ஆரஞ்சு.”

ஒருநாள்கூடத் தவறவில்லை. கோயில் கேலண்டரில் கட்டத்துக்கு ஒரு டிக் போட்டார். டிக் கூடக்கூட அட்ரியன் இளைஞராகிக்கொண்டு வந்தார். வேலையிடத்தில் ரோஸ்லியிடம், மருந்து பிடித்துக்கொண்டது என்றார். நரம்புக்குத் தண்ணீர் ஊறுகிறது என்றார். சார்ப்பில் உட்கார்ந்து மெர்சிங்குக்குப் போய்வந்தார். கடலில் ஆரஞ்சுப் புள்ளி இப்போது கரைக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் கத்திக்கு ஆரஞ்சை ஒட்டவேண்டியதுதானே? அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்றார். ஒட்டிவிட்டால் பரீட்சை நின்றுவிடும். டிக் போடுகிற சந்தோஷத்தை விட மனசு வரவில்லை.

நாற்பத்திரண்டு டிக் ஆகியிருந்தது. ஜூன் மாதம் முதல் வாரம், பிற்பகல் நான்கு மணி. செம்பனைத் தோட்டங்களுக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்த மழை, கூலாய் மேல் ஒரேயடியாகக் கொட்டியது. சமையலறை, வீட்டின் பின்பக்கம் நீட்டிக் கட்டியது, மேலே தகரம். மழை விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. ஜன்னலுக்கு வெளியே உலகம் கரைந்து போயிருந்தது. அட்ரியனுக்கு அந்த மழை பிடிக்கும். தண்ணீருக்கு அடியில் வீடு கட்டிக் குடியிருப்பது போல இருக்கும். ஆரஞ்சை வலப்பக்கம் வைத்தார். மரத்தை இடப்பக்கம் வைத்தார். “ம்” என்றது கேட்காதென்று அவள் தோளைத் தொட்டார்.

டோரிஸ் திரும்பினாள். ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு, வழக்கம் போல, தயங்காத மாதிரி கையை நீட்டி இடப்பக்கத்துப் பிடியை எடுத்தாள்.

“இதோ, உங்க ஆ…”

கை சொல்லிவிட்டது. அவள் விரல்கள் கெமுனிங்கைச் சுற்றி மெல்ல இறுகின. தலை குனிந்தது. அட்ரியன் ஆரஞ்சைப் பார்த்தார். ஒரு சாண் தள்ளி, வெள்ளை ஓடுகள் மேல், நெருப்பு மாதிரி கிடந்தது.

அந்த மழையில் மெதுவாகப் பேச வழியில்லை. இருபத்தொன்பது வருடத்து ரகசியங்களில் இதை மட்டும் இரண்டு பேரும் கத்திப் பேசும்படி ஆயிற்று.

“எப்பருந்து டோரிஸ்?”

“குருத்தோலை ஞாயிறு!”

“என்னது?”

“குருத்தோலை ஞாயிறுங்க! ஃபாதர் அங்கி! எனக்குச் செவப்பே தெரியல. நீங்க மறந்துட்டியான்னு கேட்டீங்க. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, நான் மறக்கலன்னு.”

அட்ரியன் மேடையைப் பிடித்துக்கொண்டார். ஓலையைப் பின்னிக்கொண்டே அவளும் சிரித்தாளே, அது நினைவுக்கு வந்தபோது அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

“அப்ப இந்த நாப்பத்திரெண்டு நாளும்?”

“சத்தம். ஆரஞ்சு வச்சா டக்குங்கும். மரம் டொக்குங்கும். முன்ன வந்தது எது, பின்ன வந்தது எது, எந்தப் பக்கம்னு காது சொல்லிரும். அதுவும் ஆரஞ்சு வைக்கிறப்ப நீங்க மூச்ச வேற புடிச்சுக்குவீங்க.” மழை சட்டென்று ஓங்கியது. அவளும் குரலை ஓங்கினாள். “இன்னிக்கு மழைல ஒண்ணுமே கேக்கல!”

“ஏன் என்கிட்ட பொய் சொன்னே?”

“நான் எங்கங்க பொய் சொன்னேன்? எடுன்னீங்க, எடுத்தேன். எப்படி எடுக்குறேன்னு நீங்க கேக்கவே இல்லையே.” அவள் கண் நிறைந்துவிட்டது. “கத்தியப் புடுங்கிருவீங்க. அப்புறம் எனக்கு இந்த வீட்டுல என்ன வேலை? சும்மா உக்காந்து நீங்க தர்றத சாப்புடவா?”

டோரிஸ் கெமுனிங் பிடியை அவர் பக்கம் நீட்டினாள்.

“நவம்பர்ல ஏன் வெட்டிக்கிட்டேன் தெரியுமா? கண்ண நம்புனேன். தெரியுதுன்னு நெனச்சு வெட்டுனேன். அதுக்கப்புறம் நீங்க வேலைக்குப் போனதும் பழைய கத்திய எடுத்து, கண்ண மூடிக்கிட்டு வெட்டிப் பழகுறேன். ஒரு கீறல் இல்ல. நீங்க ஆரஞ்சு போட்டீங்கன்னா நான் மறுபடியும் பாக்கப் பாப்பேன். பாத்தா வெட்டிக்குவேன். எனக்கு மரம் போடுங்க. இது கையில இருந்தா எனக்குப் பாக்கவே தோணல.”

“ஜி-டென் தண்ணில ஊறாது, டோரிஸ். மரத்த எண்ணெய் போட்டுப் பாத்துக்கணும். ஊறப்போட்டா கெட்டுரும்.” தொழில்காரர் இன்னும் விடவில்லை.

“நான் பாத்துக்குறேன். நீங்க வச்சுட்டுப் போன சூடு இதுல அஞ்சு நிமிஷம் இருக்கு. அதுல இருக்கா?”

அட்ரியன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தார். மூடிய கண்ணுக்குள் மெர்சிங் கடல் வந்தது. ஆரஞ்சுப் புள்ளி ஏறி இறங்கி, தூரம் போய்க்கொண்டே இருந்தது. அவர் கரையில் நின்று கத்தவில்லை. தண்ணீருக்குள் இறங்கினார். எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ, கண்ணைத் திறந்தபோது மழை விட்டிருந்தது. ஓட்டில் ஆரஞ்சை வைத்தார். டக். மரத்தை வைத்தார். டொக். நாற்பத்திரண்டு நாளாக அவர் காதில் விழாத சத்தம், அப்போது அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்ரி போன் செய்தாள். “டேடி, இன்னிக்கு மம்மி ஆரஞ்ச எடுத்தாங்களா?”

“இல்லம்மா. மம்மிக்கு ஆரஞ்சு தெரியல. ரொம்ப நாளாவே தெரியல.” அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகும் கூரை இடிந்து விழவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆட்ரி குரலைத் தாழ்த்தினாள். “நீங்க ஓகேவா?”

“இல்ல” என்றார் அட்ரியன்.

“அப்ப கத்திய எடுத்து வச்சிருங்க. நாம அப்படித்தானே பேசுனோம்?”

“பேசுனோம். ஆனா நான் வச்ச பரீட்சை தப்பு, ஆட்ரி. அவளால பாக்க முடியுதான்னு சோதிச்சேன். வெட்ட முடியுதான்னு சோதிக்கல. மரப்பிடி போடுறேன். சனிக்கிழமை வா. வந்து நீயே பாரு. சரியில்லன்னா அன்னிக்கு நானே எடுத்து வைக்கிறேன்.”

அன்றைக்கே வேலையில் உட்கார்ந்தார். கெமுனிங்கை இரும்போடு சேர்த்துக் கட்டி, டோரிஸைப் பிடிக்கச் சொல்லி, அவள் பெருவிரல் விழுகிற இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார். அந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் தேய்த்தார். விரல் பள்ளத்தில் இருந்தால் வெட்டுவாய் கீழே இருக்கிறது என்று அர்த்தம். பள்ளம் போதுமா என்று கண்ணை மூடித் தடவிப் பார்த்தார். பசை பூசி இறுக்கினார், ஆணி இறக்கினார், காய்ந்ததும் மூன்று நாள் எண்ணெய் ஊட்டினார். ஐந்து மாதம் ஓடாத வேலை ஐந்தே நாளில் முடிந்தது. ஆரஞ்சுப் பிடி மெர்சிங் படகுக்காரர் ஒருவர் கத்திக்குப் போகட்டும் என்று தனியாக எடுத்து வைத்தார். படகுத் தட்டில் எங்கே கிடந்தாலும் அவர் கண்ணில் படும்.

சனிக்கிழமை ஆட்ரி வந்தாள். சமையலறை வாசலில் அப்பாவும் மகளும் நின்றார்கள். ஆட்ரி அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தாள், சின்னப் பிள்ளையில் ஊசி போட வரிசையில் நிற்கும்போது பிடித்துக்கொண்ட மாதிரி.

டோரிஸ் வெங்காயத்தை உரித்தாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையைப் பார்க்கவே இல்லை. இடது கை விரல்களை மடக்கி, கணுக்கள் மேல் அலகைச் சாய்த்து, வலது பெருவிரலைப் பிடியின் பள்ளத்தில் வைத்தாள். கத்தி இறங்கியது. மெதுவாக, பிறகு வழக்கமான வேகத்தில், பிறகு திருநாள் வேகத்தில். தாள் போல மெல்லிய வளையங்கள், ஒன்றைப் போல ஒன்று. ஆறு வெங்காயம். ஒரு கீறல் இல்லை. ஆட்ரியின் பிடி சட்டையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

டோரிஸ் கத்தியை மேடையில் வைத்தாள். டொக்.

அவள் திரும்பியபோது இரண்டு கண்ணிலிருந்தும் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. புறங்கையால் துடைத்தாள். துடைத்தும் நிற்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பாத்தீங்களா, என் கண்ணு ஒரு வேலைய மட்டும் மறக்கல.”

ஆட்ரி ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பாக்கெட் காய்கறியைப் பற்றி யாரும் பேசவில்லை. அட்ரியன் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார்.

“வெங்காயம் லா” என்றார், யாரும் கேட்காமலே.